ரெட் வைனில் நல்லமிளகு வாசம் வருவது எப்படி?

'கருமிளகு, கிராம்பு, கறுத்த பழங்களின் வாசம்' என்று சிரா வைன் பாட்டில்களின் பின்பக்க லேபிளில் எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'திராட்சையில்தானே செஞ்சாங்க, மிளகு எங்கிருந்து வந்துச்சு?' என்ற சந்தேகமும் வந்திருக்கும். இது விளம்பரத்துக்காகச் சொல்லப்படுவது இல்லை. குமரி மாவட்டம் முட்டத்தில் மீன்குழம்புக்கு நல்லமிளகு அரைக்கும்போது எழும் வாசமும் இதுவும் ஒன்றேதான். இரண்டுக்கும் காரணம் ஒரே வேதிப்பொருள்.

*அது என்ன பொருள்?*

பெயர் ரோட்டன்டோன். சிராவின் மிளகு வாசத்துக்கு இதுவே காரணம் என்று ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2008-இல் அறிவித்தார்கள். திராட்சையின் தோலில் இருக்கும் இது, ஒரு லிட்டர் ரெட் வைனில் வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு!

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. சுவைத்துப் பார்த்தவர்களில் சுமார் 5-இல் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் அந்த வாசம் தெரியவே இல்லை. டீம் டின்னரில் ஒருவர் 'மிளகு வாசம் தூக்குது' என்கிறார், பக்கத்தில் இருப்பவர் 'எனக்கு ஒண்ணுமே தெரியலையே' என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ரசனை இல்லாததால் அல்ல, உடலமைப்பால் வரும் வித்தியாசம் இது.

*ஒரே தோட்டத்து வைனுக்கு ஏன் மவுசு?*

பெரும்பாலான வைன்கள் பல தோட்டங்களின் திராட்சையைக் கலந்து செய்யப்படுகின்றன. குளிர்ச்சியான இடத்தில், நிழலில் பழுத்த சிராவில் ரோட்டன்டோன் அதிகம். வெயில் கூடினால் குறையும். ஒரே தோட்டத்திலேயே இடத்துக்கு இடம் இது மாறும். கலந்துவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். ஒரே தோட்டத்து வைனில் அந்த மண்ணும் வெயிலும் அப்படியே தெரியும்.

சிராவின் தாய்வீடு பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு. ஆஸ்திரேலியாவிலும், மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியிலும் இதே திராட்சைக்கு 'ஷிராஸ்' என்று பெயர். ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்ற பழைய கதையை மரபணுச் சோதனை பொய்யாக்கிவிட்டது. இதன் பெற்றோர் இரண்டுமே பிரெஞ்சு ரகங்கள்தான்.

*கிராம்பும் துவர்ப்பும்*

கிராம்பு வாசம் திராட்சையிலிருந்து வருவதைவிட, வைனை ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்துதான் அதிகம் வருகிறது. தீயில் வாட்டிய அந்த மரத்தில் யூஜெனால் இருக்கிறது. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பின் வாசத்துக்கும் யூஜெனால்தான் காரணம்.

குடித்ததும் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அது டானின். நாவல்பழம் தின்றால் வருமே, அதே உணர்வு. இதை விளக்கத் தமிழில் தனியாகச் சொல் தேட வேண்டாம். அறுசுவையில் ஒன்றாகவே 'துவர்ப்பு' இருக்கிறது.

*எப்படி விவரிப்பது?*

1. கிளாஸில் கால்வாசிக்கும் குறைவாக ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து நிறம் பாருங்கள்.

2. சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை மோந்து பாருங்கள்.

3. ஒரு மடக்கை வாய் முழுக்கப் படரவிடுங்கள். புளிப்பு, துவர்ப்பு, காரமான வாசம் எதுவென்று பிரித்துப் பாருங்கள்.

4. விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ வாசம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள்.

லேபிளில் இருக்கும் 'பிளாக்பெர்ரி'யைச் சாப்பிட்டே பார்க்காதவர் அதை அப்படியே ஒப்பிப்பதில் அர்த்தமில்லை. நாவல்பழம், நல்லமிளகு, கருப்பட்டி என்று தெரிந்ததைச் சொன்னால் போதும். கேட்பவருக்கும் புரியும், அறிவியல்படியும் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கை: மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொழில்முறைச் சுவைஞர்களே ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். மூக்கைப் பழக்க வைன்தான் வேண்டும் என்றும் இல்லை; அஞ்சறைப் பெட்டியே போதும்.