நூற்றிருபது நாள் கணக்கு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அவை நிலைத்திருக்கின்றன. நம் குருதிக்குள்ளும் எளிதில் அழியாத ஒரு பதிவு உண்டு. ஆனால் அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்களே. சிவப்பணுவின் வாழ்நாள் அவ்வளவுதான்.

தசைச் செல்லுக்குள் சர்க்கரை பெருமளவில் நுழைய வேண்டுமாயின் இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். சிவப்பணுவின் கதவோ எப்போதும் திறந்தே இருக்கிறது. குருதியில் சர்க்கரை கூடினால் அதனுள்ளும் கூடும். அவ்வாறு நுழையும் குளுக்கோசில் ஒரு பகுதி, நொதியின் துணையின்றித் தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது, அந்த அணு அழியும்வரை பெரும்பாலும் நீங்குவதில்லை.

நலமுள்ள ஒருவரின் குருதி முழுவதிலும் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவே. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு மிகும்போது இந்த நுட்பமான அளவு குலைகிறது. அக்கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும், இன்சுலினின் ஏவலைத் தசையும் கல்லீரலும் ஏற்காதவாறு செய்கின்றன. தேங்கிய சர்க்கரை சிவப்பணுவில் பதிவாகிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின், ஊர்தோறும் வீட்டிலேயே விரல்நுனிக் குருதியைச் சோதிக்கின்றனர். அது அந்த நொடியின் அளவைக் காட்டும். 'மூன்று மாதச் சர்க்கரை' என மக்கள் வழங்கும் எச்பிஏ1சி பரிசோதனையோ சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினின் விழுக்காட்டை அளக்கிறது. 5.7 விழுக்காட்டுக்குக் கீழ் இயல்பு, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. சோதனைக்கு முன் இரண்டு நாள் இனிப்பைத் துறந்துவிட்டுச் செல்வோர் விரல்நுனிச் சோதனையை ஏமாற்றலாம். சிவப்பணுவை ஏமாற்ற இயலாது.

ஆயினும் எழுதப்படும் சுவரே பழுதுற்றிருந்தால்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 40 விழுக்காட்டினருக்கு மிகை எடை அல்லது உடல் பருமன். "உடம்புதான் இருக்கிறதே, இரத்தத்துக்கு என்ன குறை?" என்பார்கள். இது தவறான எண்ணம். பருமனால் எழும் அழற்சி, கல்லீரலில் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரைப் பெருக்குகிறது. அது உணவிலுள்ள இரும்புச்சத்து குடலிலிருந்து குருதியில் சேர்வதைத் தடுக்கிறது. பருத்த உடலிலும் இரத்தசோகை வருவது இவ்வாறே. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிவோர் இதை அறிந்திருக்கமாட்டார்கள்.

இரும்புச்சத்து குறைந்தால் புதிய சிவப்பணுக்கள் பிறப்பது மந்தமாகிறது; பழைய அணுக்களே மிகுந்திருப்பதால், சர்க்கரை உயராதபோதும் எச்பிஏ1சி சற்று உயர்ந்து தோன்றலாம். மாத்திரை உட்கொண்டு புதிய அணுக்கள் பெருகும்போது அதே எண் இறங்கலாம். இதனால்தான் எச்பிஏ1சி அளவை ஹீமோகுளோபின் அளவுடனும் வெறும் வயிற்றுச் சர்க்கரையுடனும் ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே மருத்துவர் முடிவு கூறுகிறார்.