மூலை கூடினால் செலவு கூடும்!
வீட்டு பிளானில் ஒளிந்திருக்கும் கணக்கு

சென்னையில் சொந்த வீடு கட்டப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன ரேட்டு?" என்பதுதான்.

வீடு என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் குறைவு. பணம் கரைவது அங்கேதான். வெயில் உள்ளே நுழைவதும் அங்கேதான்!

'ப' வீடும் சதுர வீடும்

900 சதுர அடியில் ஒரு வீடு. 30-க்கு 30 என்று சதுரமாகக் கட்டினால் வெளிச்சுவரின் நீளம் 120 அடி.

40-க்கு 30 இடத்தில் ஒரு மூலையில் 20-க்கு 15 விட்டுவிட்டு 'ட' மாதிரி கட்டினாலும் அதே 900 சதுர அடிதான். ஆனால் வெளிச்சுவர் 140 அடி. அந்தக் காலி இடத்தையே நடுவில் விட்டு 'ப' மாதிரி கட்டினால் 170 அடி. மூலைகள் 4-ல் இருந்து 8 ஆகிவிடும்.

சதுர வீட்டைவிட 50 அடி கூடுதல் சுவர்! 10 அடி உயரம், 9 அங்குல கனம் என்றால் கதவு, ஜன்னல் கழிக்காமல் சுமார் 5 ஆயிரம் செங்கல். அதற்குக் கடக்கால், இரண்டு பக்கமும் பூச்சு, பெயிண்ட் எல்லாம் தனி.

சதுர அடி ரேட்டில் ஒப்பந்தம் பேசும்போது இது கண்ணில் படாது. நஷ்டத்துக்கு யார் வேலை செய்வார்? ரேட்டை முதலிலேயே ஏற்றிச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பாதி வேலையில் "எக்ஸ்ட்ரா" என்று கை நீட்டுவார்கள். பேங்க் லோனில் கட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

மேற்குச் சுவர்தான் வில்லன்

அப்படியானால் சதுரம்தான் நல்லதா? செலவுக்கு நல்லது. வெயிலுக்கு அவ்வளவு நல்லதல்ல.

சென்னையில் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேரே வருகிறது. வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு 2 அடி சன்ஷேடு போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

காலை, மாலை வெயில் அப்படி அல்ல. சாய்ந்து வந்து கிழக்கு, மேற்குச் சுவர்களில் நேராக அடிக்கும். சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். சாயங்காலம் காய்ந்த மேற்குச் சுவர், ராத்திரி படுத்த பிறகும் அனலைக் கக்கும்.

2 அடி கொடுத்து 10 அடி லாபம்

இதற்கு வழி உண்டு. 36-க்கு 25 என்று கட்டி, நீளப் பக்கங்களை வடக்கு, தெற்கு பார்க்க வையுங்கள். வெளிச்சுவர் 122 அடி. சதுரத்தைவிட 2 அடிதான் கூடுதல்.

ஆனால் வெயில் காயும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் 60 அடியில் இருந்து 50 அடியாகக் குறையும்!

அமெரிக்கா போன்ற நாடுகளின் குளிர்ப் பகுதிகளிலும் சூரிய வெப்ப வீடுகளை இப்படித்தான் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுகிறார்கள். அங்கே தெற்கு ஜன்னல் வழியாகக் குளிர்கால வெயிலை உள்ளே விடுவதற்கு. இங்கே வெயிலை வாசலிலேயே நிறுத்துவதற்கு. காரணம் வேறு, வடிவம் ஒன்று.

மனை தெற்கு வடக்காக நீண்டிருந்தால்? மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் ஆகியவற்றை மேற்கே தள்ளுங்கள். படுக்கை அறைக்கு அவை நிழல் தரும். இதற்குத் தனிச் செலவு இல்லை.

மொட்டை மாடிச் சூடு எந்த வடிவத்துக்கும் ஒன்றுதான். அதற்கு வெள்ளை ஓடு பதிக்கலாம், வெள்ளை அடிக்கலாம்.

நடுவில் முற்றம் விட்டால் காற்றும் வெளிச்சமும் வரும். வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கட்டலாம். ஆனால் பிளானில் கையெழுத்துப் போடும் முன்பு வெளிச்சுவரின் நீளத்தையும் மூலைகளையும் ஒரு முறை எண்ணிப் பார்த்து, அதற்கும் சேர்த்து ரேட்டு பேசிக்கொள்வது நல்லது.