வெண்விழியுள் மறைந்த அழற்சி: மூட்டுவாதச் சிறாரின் கண்நோயை இனங்காணல்

கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில் மூன்று வயதுப் பெண்பிள்ளையொன்று காலையில் எழுந்ததும் நொண்டி நடக்குமாயின், விளையாட்டில் விழுந்திருக்கும் என்று உம்மா எண்ணெய் தேய்த்துவிடுவார். வீக்கம் ஆறு வாரங்களைத் தாண்டினால் சிறார் மூட்டுவாதம் என்ற ஐயம் எழல் வேண்டும். அப்பிள்ளையின் கண்ணையும் சோதிக்குமாறு நாம் கூறும்போது பெற்றோர் வியப்படைவர். கண் சிவக்கவில்லை, நோவில்லை, நீர் வடியவில்லை. இடர்ப்பாடு இங்கேதான் உளது.

வாதக்காய்ச்சலில் இதயத்தைக் கவனிக்கவேண்டும் என்பதை நம்மவர் பலர் அறிவர். இது வேறு நோய். இதில் கவனிக்கற்பாலது கண். கதிராளியை ஒட்டி எழும் அழற்சி பெரும்பாலும் அறிகுறியின்றியே நீடிக்கும். கதிராளி வில்லையோடு ஒட்டிக் கண்மணி உருக்குலைவதும், விழிவெண்படலத்திற் சுண்ணப்பட்டை படிவதும் வெளியே புலனாகும் வேளையில் பார்வை பழுதடைந்திருக்கலாம். ஒரு கண் மங்கியதை மூன்று வயதுப் பிள்ளை எவ்வாறு எடுத்துரைக்கும்?

சிறார் மூட்டுவாதத்தை இலண்டனில் ஸ்ரில் என்பார் 1897 இல் விரித்துரைத்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும், கண்ணழற்சியைக் கண்டறிய நாம் நம்புவது பிளவு விளக்குச் சோதனையையே. கிடுகுக் கூரையின் துவாரத்தினூடாக வரும் வெயிற்கீற்றில் தூசுகள் மிதப்பதைக் காண்கின்றோமல்லவா? அவ்வாறே, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணின் முன்னறையினூடு செலுத்தி உருப்பெருக்கி நோக்குங்கால், தெளிந்திருக்கவேண்டிய நீரில் வெண்கலங்கள் மிதப்பதும், புரதம் கசிந்து நீர் புகைபோற் கலங்குவதும் தெரியும். கைவிளக்கு இதனைக் காட்டாது.

நான்கு அல்லது அதனிலும் குறைந்த மூட்டுக்களில் நோயுற்றோர், ஏழு வயதுக்கு முன் நோய் தொடங்கியோர், குருதியில் கருவெதிர் பிறபொருளெதிரி காணப்படுவோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம், பெண்பிள்ளைகளே பெருந்தொகையினர். குருதிச் சோதனை ஆபத்தைச் சுட்டுமேயன்றி அழற்சியை நிறுவாது. இத்தகையோருக்கு முதல் நான்காண்டுகளில் மூன்று மாதங்களுக்கொருமுறை சோதனை தேவை. முழங்கால் வீக்கம் வற்றியபின்னும் கண்ணில் அழற்சி தோன்றலாம். சிலரில் மூட்டுக்கு முன்னரே கண் பாதிக்கப்படுவதுமுண்டு. ஸ்ரெரோயிட் துளிகள், மெத்தோற்றெக்சேற், அடலிமுமாப் முதலிய மருந்துகள் இன்று உள. ஆயின் கண்டறிந்த பின்னரே அவை பயன்தரும்.

நலமாகத் தோன்றும் கண்ணைக் காட்டக் கூலித்தொழிலாளியான வாப்பா ஒருநாள் உழைப்பை இழக்கவேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புக்கு அனுப்பப்படின் பயணச் செலவும் சேரும். அவர் வராதுவிட்டால் அதை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. மூட்டுச் சிகிச்சை அட்டையிலேயே அடுத்த கண்சோதனைத் திகதியும் எழுதப்படவேண்டும். இரு சோதனைகளும் ஒரே நாளில் அமையவேண்டும் என்பது எமது கோரிக்கை.