பெட்போர்ட் லொறியும் இரண்டு ஒக்டோபர் முப்பதுகளும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பும் வீதியோரத்தில் ஒரு கராஜ் இருக்கிறது. அதன் பின்புறம், தென்னைகளுக்கு நடுவே ஒரு லொறியின் தலைப்பகுதி மட்டும் கிடக்கிறது. எஞ்சினும் சக்கரங்களும் எப்போதோ கழன்று போய்விட்டன. நெற்றியில் இருந்த ஆங்கில எழுத்துகளில் மூன்றுதான் மிச்சம். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காகப் புத்தளம் போயிருந்த நான், அதை வெறும் பழைய இரும்பு என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன். கராஜ் வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த முதியவர் விடவில்லை.

"பெட்போர்ட், தம்பி. இதுக்கு மேல ஒரு லொறி வரல்ல" என்றார்.

எழுபது வயதைத் தாண்டியவர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். பதினாறு வயதில் கிளீனராக லொறி ஏறி, பிறகு சாரதியாகி, கடைசியில் ஒரு பழைய பெட்போர்டுக்குச் சொந்தக்காரரானார். 1990 ஒக்டோபருக்குப் பிறகு புத்தளத்தில் வாழ்கிறார். அவரைப் போன்ற நான்கைந்து பேர் பின்னேரங்களில் அங்கே கூடுவார்கள். பேச்சு பெரும்பாலும் லொறிகளைப் பற்றியதாகவே இருக்கும். எந்த ஏற்றத்தில் எந்த கியர், எந்த முதலாளியின் வண்டி எந்த நிறம், யாருடைய லொறி ஆனையிறவில் சேற்றில் புதைந்தது என்று அவர்கள் நேற்று நடந்ததைப் போலச் சொல்கிறார்கள்.

ஏன் பிரித்தானிய லொறிகள்?

பெட்போர்ட் லொறிகளைத் தயாரித்தது இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் நிறுவனம். 1925இலேயே அது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கைக்குப் போய்விட்டது. 1931இல் பெட்போர்ட் என்ற பெயரில் முதல் லொறி வந்தது. லூட்டன் தொழிற்சாலை அமைந்திருந்த மாவட்டத்தின் பெயரே லொறிக்கும் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்காக மட்டும் சுமார் 250,000 பெட்போர்ட் வண்டிகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அந்த உற்பத்திப் பலம் பொதுநலவாய நாடுகளின் சந்தைக்குத் திரும்பியது. இலங்கைக்கு பெட்போர்டுடன் லேலன்ட், ஒஸ்டின், மொறிஸ், கொமர் எனப் பல பெயர்களும் வந்தன.

இங்கே அவை ஓடியதற்கு இன்னொரு காரணம், வண்டியின் கட்டமைப்பு. சட்டகமும் எஞ்சினும்தான் வெளிநாட்டுப் பொருள். பின்னால் இருக்கும் பொடியை நம் ஊர்த் தச்சர்கள் மரத்தில் கட்டினார்கள். எஞ்சினும் எளிமையானது. ஒரு பெட்டிச் சாவியும் பொறுமையும் இருந்தால் வீதியோரத்திலேயே கழற்றிப் பூட்டலாம்.

ஓட்டுவது மட்டும் எளிதல்ல. பவர் ஸ்டீயரிங் கிடையாது. அந்தக் கால லொறிகள் பலவற்றில் கீழ் கியருக்கு வர 'டபுள் கிளச்' போட வேண்டும். கிளச்சை மிதித்து கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டி, மறுபடியும் கிளச்சை மிதித்து கியரைப் போட வேண்டும். பற்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் அவை சத்தமின்றிப் பொருந்தும். "கியர் பல்லக் கடிச்சா முதலாளிக்கு வீட்டுக்குள்ள இருந்தே கேக்கும்" என்று சிரித்தார் ஒருவர்.

வெங்காயம், உப்பு, கருவாடு

பிரித்தானியாவில் நூறு வண்டிகள் வைத்திருக்கும் பெரிய போக்குவரத்துக் கம்பனிகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லொறி, வசதியானவரிடம் மூன்று அல்லது நான்கு. ஆனால் அந்த ஒற்றை லொறிகள் சேர்ந்துதான் வடக்கையும் வடமேல் கரையையும் கொழும்புப் புறக்கோட்டையோடு கட்டி வைத்திருந்தன.

1970 முதல் 1977 வரை ஆட்சியில் இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாண விவசாயிக்கு அது பொற்காலம். ஏ-9 வீதியில் இரவிரவாக லொறிகள் தெற்கே போயின. திரும்பும்போது அரிசியும் துணியும் கடைச் சாமானும் வந்தன. இந்தக் கரையில் புத்தளத்து உப்பும், கற்பிட்டியின் கருவாடும், சிலாபம் வரை நீளும் தென்னந்தோட்டங்களின் தேங்காயும் கொப்பறாவும் லொறி ஏறின. புறக்கோட்டையில் நாட்டாமிகள் மூட்டைகளை முதுகில் இறக்குவார்கள். சாரதியும் கிளீனரும் படங்கை விரித்து லொறிக்கு மேலேயே உறங்குவார்கள்.

அதே இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய லொறிகளும் உதிரிப்பாகங்களும் வருவதைக் கடினமாக்கியது. அதனால் பழைய லொறிகள் ஓய்வுபெற முடியாமல் ஓடின. ஒன்றின் அச்சு இன்னொன்றுக்குப் போனது. பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பீற்றர்பரோ நகரத்துத் தயாரிப்பான பேர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பூட்டியவர்கள் பலர். இல்லாத பாகத்தைத் தேடி பஞ்சிகாவத்தைக்குப் போவார்கள். அங்கேயும் இல்லாததைக் கடைசல் பட்டறையில் கடைந்து எடுப்பார்கள்.

இந்தக் கரையின் எதிரி உப்பு. ஈர மூட்டையிலிருந்தும் மீன் பெட்டியின் ஐஸிலிருந்தும் வடியும் உப்புநீர் சட்டகத்தைத் தின்றுவிடும். கழிவு ஒயிலை எடுத்து அடிப்பாகம் முழுவதும் பூசுவதுதான் அதற்கான மருந்து. கராஜில் கிடக்கும் அந்தத் தலையின் அடியில் இன்றும் அந்தக் கறுப்பு ஒட்டியிருக்கிறது.

இலக்கத் தகட்டில் ஒரு வரலாறு

பழைய லொறியின் வயதை இந்த முதியவர்கள் இலக்கத் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது 1957க்கு முந்தியது. நடுவில் சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் அதற்குப் பிந்தியது.

அந்த ஓர் எழுத்துக்காக இந்த நாடு எரிந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' கட்டாயமானது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமானது. பின்னர் சிங்கள 'ஸ்ரீ' பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் தீவிரமடைந்தது. இங்கே 'ஸ்ரீ'க்குத் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் இனக்கலவரம் வந்தது. லொறிச் சாரதிக்கோ அது ஒவ்வொரு நாள் பயணத்தின் பிரச்சினை. எந்த ஊரில் எந்த எழுத்து அடிவாங்கித் தரும் என்று கணக்குப் பார்த்தே வண்டியை எடுக்க வேண்டியிருந்தது.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பான் லொறிகள் வந்தன. இந்தியாவின் அசோக் லேலன்டும் டாடாவும் பெருகின. பிரித்தானியாவிலேயே 1980களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டர்ஸ் பெட்போர்ட் லொறித் தொழிலைக் கைவிட்டது. தெற்கில் பழைய வண்டிகள் இரும்புக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில், வடக்கில் போர் அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

1990இல் பொருளாதாரத் தடை வந்ததும் எரிபொருள், பற்றரி, சீமெந்து எதுவும் வடக்குக்குத் தாராளமாக வரவில்லை. கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெயில் ஒஸ்டின், மொறிஸ் கார்களும் பழைய பெற்றோல் லொறிகளும் ஓடின. அது எப்படி முடிந்தது? மண்ணெண்ணெய் குளிரில் எளிதாக ஆவியாகாது. ஆகவே முதலில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய பிரித்தானிய எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அவை இந்த மட்டமான எரிபொருளைத் தாங்கின. புதிய ஜப்பான் எஞ்சின்கள் அப்படித் தாங்காது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். இங்கிலாந்தின் பழைய உழவு இயந்திரங்கள் சிலவும் இதே முறையில்தான் ஓடின. அங்கே அதற்கென்றே எரிபொருள் விற்றார்கள். இங்கே சேலைன் போத்தலில் பெற்றோலைத் தொங்கவிட்டு நம் மெக்கானிக்குகள் அதைச் செய்தார்கள்.

இரண்டு ஒக்டோபர் 30

இதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மணம் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு ஏழு வயது. பெரும்பாலான சனம் மழையில் நடந்தது. எங்களுக்கு ஒரு பழைய லொறியில் இடம் கிடைத்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியும்வரை ஆனது. அந்த இரவில் எனக்கு மிச்சமிருப்பது அம்மாவின் மடியும், வட்டமான லொறி மூக்கும், மண்ணெண்ணெய் மணமும்தான்.

அதைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

1990 ஒக்டோபர் 30 அன்று, அதே யாழ்ப்பாணத்தில், ஒலிபெருக்கி முஸ்லிம்களை மைதானத்துக்கு அழைத்தது. விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் வாகனமும் பறிபோயின. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் விரட்டப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் வந்தவர்கள் கற்பிட்டியில் கரையேறினார்கள். இவர் தன் பெட்போர்டை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, குடும்பத்தோடு வவுனியா வழியாக இங்கே வந்து சேர்ந்தார்.

"நீங்க போன லொறிக்கு, கண்ணாடிக்கு மேல என்ன எழுதியிருந்திச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இருட்டு, மழை, ஏழு வயது. அது அவருடைய லொறி என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது என்று நான் முப்பது வருடங்களாக நினைத்திருந்த வண்டி, இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்டதாக இருக்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எங்கள் இடப்பெயர்வைப் பற்றி நான் எழுதிய எதிலும் அந்தக் கேள்வி கிடையாது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா" என்றேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு அழைத்து, பொலித்தீன் பையில் சுற்றிய பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். வெளியேறிய அன்று அது சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது. சட்டக இலக்கம், எஞ்சின் இலக்கம், அவருக்கு முன்பிருந்த இரண்டு சொந்தக்காரர்களின் பெயர்கள். அவர்களில் ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இந்த நாட்டில் ஒரு லொறி அப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது.

2009க்குப் பிறகு சிலர் வடக்குக்குத் திரும்பினார்கள். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டார்கள். இழந்த வீட்டுக்கும் காணிக்கும் உறுதி தேடுகிறோம். இழந்த வாகனத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒரு லொறி என்பது ஒரு குடும்பத்தின் தொழில், கடன், பெண்பிள்ளையின் கலியாணம். இந்தச் சாரதிகள் இருக்கும்போதே அவர்களின் பதிவுப் புத்தகங்களைப் படமெடுத்து, பாதைகளையும் சுமைகளையும் கேட்டு எழுதி வைப்பது பெரிய செலவுள்ள வேலையல்ல. பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.

புறப்படும்போது அவர் பதிவுப் புத்தகத்தை மறுபடியும் பையில் சுற்றினார். "உங்கட அம்மாட்ட கேட்டுப் பாருங்க, தம்பி. அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்" என்றார்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கண்ணாடிக்கு மேலே ஏதோ எழுதியிருந்ததுதான் என்றார். ஆனால் அதன் மேல் சேறு பூசியிருந்ததாம்.