ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்



வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க விரும்பும் நம் பட்டதாரிகள், ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறார்கள். ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்வை ஒரு முறை எழுதவே 15,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஐஈஎல்டிஎஸ் எழுதி 7 மதிப்பெண் பெற்றார். ஆனால் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அத்தேர்வில் ‘அகாடமிக்’, ‘ஜெனரல் டிரெயினிங்’ என இரு வகை உண்டு. முதலாவது உயர்கல்விக்கு, இரண்டாவது பெரும்பாலும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும். அவருக்குப் பதிவு செய்து கொடுத்தவர்கள் இரண்டாவதில் பதிந்துவிட்டார்கள். மீண்டும் எழுதுவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. விசாரிக்காமல் பணம் கொடுத்ததில் எங்கள் தவறும் உண்டு.

‘எந்தத் தேர்வு சுலபம்?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, ‘நான் சேரப்போகும் படிப்புக்கு எதை ஏற்கிறார்கள்?’ என்பதே. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அந்தப் படிப்புக்கான பக்கத்தையே பாருங்கள். ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் விலக்கும் தருகின்றன. பிரிட்டன் செல்வோர், விசாவுக்கென உள்ள ‘யுகேவிஐ’ வகைத் தேர்வு தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பகுதிவாரி மதிப்பெண். ‘மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது’ என்பது போன்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 பெற்று, எழுதுதலில் 5.5 பெற்றால் மொத்தம் 6.5 வந்துவிடும், ஆனாலும் இடம் கிடைக்காது.

ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகளை ஏற்கிறார்கள் என்றால், உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். ஐஈஎல்டிஎஸ்ஸில் தேர்வாளர் ஒருவருடன் 11 முதல் 14 நிமிடம் உரையாட வேண்டும். டோஃபல், பிடிஇ இரண்டிலும் கணினி முன் அமர்ந்து மைக்கில் பேச வேண்டும். ஆள் முன் தடுமாறுபவருக்கு ஒன்று, இயந்திரத்திடம் பேசத் தயங்குபவருக்கு மற்றொன்று பொருந்தும். டுவோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், கட்டணமும் குறைவு. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் பயிற்சி இல்லாமல் போய் அமரக் கூடாது. அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து, குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். சரளமாகப் பேசுபவர்களே இங்கு தடுமாறுகிறார்கள். தேர்வு நடத்துவோர் இலவசமாகத் தரும் மாதிரித் தாளை நேரம் வைத்து எழுதிப் பார்த்தால், எந்தப் பகுதியில் பலவீனம் என்று தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். இம்மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். மிக முன்னதாக எழுதிவிட வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். இன்ஷியல், தந்தை பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குக் குழப்பம் நேர்கிறது.

இனி கட்டண உதவி கேட்போர், பல்கலைக்கழக நிபந்தனையின் நகலையும், எழுதிப் பார்த்த ஒரு மாதிரித் தாளையும் கொண்டு வர வேண்டுகிறோம். ஜமாஅத்தார் நம்பித் தந்த பணம் ஓர் அமானிதம். உங்கள் பிள்ளைகளின் ஓராண்டும் அப்படியே.

கல்வி தேடும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழிகளை இலேசாக்கித் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்