விதிநூலுக்கு மெய்ப்பு பார்ப்பது

பாத்திர ஆட்டத்துக்குப் பலகையும் காயும் கட்டாயமில்லை. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஆட்ட நடத்துநர். குகை, கோட்டை, அதில் பதுங்கியிருக்கும் பூதம் எல்லாம் அவர் வாய்ச்சொல்லில் எழும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வாள் பட்டதா, சுவரில் ஏற முடிந்ததா என்ற இடங்களில் பகடை உருளும். எந்தப் பகடை, எத்தனை, என்ன விழுந்தால் என்ன நடக்கும் என்பதை வகுத்துத் தருவது விதிநூல். அதை எழுதியவர் மேசையருகே இருக்கமாட்டார். ஒரு வாக்கியம் இரண்டு பொருள் தந்தால் ஆட்டம் நின்று வாதம் தொடங்கிவிடும். இந்த வாதங்களை அச்சேறும் முன்பே கண்டுபிடிப்பதுதான் விதிநூலின் மெய்ப்பாளர் வேலை.

இந்த வகையின் முதல் நூலே அதற்குப் பாடம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். வாங்குபவரிடம் 'செயின்மெயில்' என்ற 1971-ஆம் ஆண்டுப் போர் ஆட்ட விதிநூல் ஏற்கெனவே இருக்கும் என்று அது எடுத்துக்கொண்டது. பொம்மைப் படைகளை நகர்த்திப் பழகியவர்களுக்கு அது போதும். புதிதாக வந்தவர்களுக்கோ சண்டை எப்படி நடக்கிறது என்பதே பிடிபடவில்லை. ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாக ஆடினார்கள்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் கற்பித்துவந்த ஜே. எரிக் ஹோம்ஸ், புதியவர்களுக்காக இந்த விதிகளைத் தொகுத்துத் தெளிவாக்க முன்வந்தார். 1977-ல் வந்த அந்த 48 பக்க நூல் பாத்திரத் தேர்ச்சியின் முதல் மூன்று நிலைகளை மட்டுமே சொன்னது; படித்ததும் புரிந்தது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. எல்லா ஆயுதங்களும் ஓர் ஆறுமுகப் பகடை அளவே சேதம் தரும் என்றது ஒரு விதி. குத்துவாள் போன்ற இலகுவான ஆயுதத்தால் ஒரு சுற்றில் இருமுறை தாக்கலாம், இருகை வாள் போன்ற கனத்த ஆயுதத்தால் இரு சுற்றுக்கு ஒருமுறைதான் தாக்கலாம் என்றது இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குழப்பமில்லை. சேர்த்துக் கணக்கிட்டால் குத்துவாள் இருகை வாளைவிட நான்கு மடங்கு வலிமையான ஆயுதம் ஆகிவிடுகிறது. வாக்கியம் தெளிவாக இருப்பது வேறு, விதி சரியாக இருப்பது வேறு. இரண்டையும் ஒரே வாசிப்பில் பிடிக்க எவராலும் முடியாது. அதனால்தான் இத்தகைய நூலைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் வேறொரு நோக்கோடு படிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்துப்பிழை பார்க்கும் வாசிப்பு எல்லா நூலுக்கும் பொதுவானது. எண்களைப் பார்க்கும் வாசிப்புதான் கடினம். '2டி6' என்றால் ஆறுமுகப் பகடை இரண்டு, சராசரி 7. அச்சில் அது '2டி8' ஆகிவிட்டால் சராசரி 9. கதையில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் கண் உறுத்தும். இங்கே எதுவும் உறுத்தாது, ஏனென்றால் இரண்டுமே இயல்பான விதிகள். '2டி6', '1டி12' இரண்டின் உச்சமும் 12 என்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. எண்ணின் சரிதவறு அந்த வரியில் இருப்பதில்லை. ஆசிரியரின் மூல அட்டவணையோடும், அதே ஆயுதம் வரும் மற்ற பக்கங்களோடும் ஒப்பிட்டால்தான் பிழை வெளிப்படும்.

கணினி வந்தபின் புதுவகைப் பிழைகளும் வந்தன. இதே ஆட்டத்துக்காக 1994-ல் வெளியான 'என்சைக்ளோபீடியா மேஜிகா' முதல் தொகுதியில் மந்திரவாதியைக் குறிக்கும் 'மேஜ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விசார்ட்' என்று போடும்படி ஒட்டுமொத்த மாற்றம் செய்யப்பட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டில் 'டேமேஜ்', 'இமேஜ்' என்ற சொற்களின் கடைசி நான்கு எழுத்துகளும் அதே 'மேஜ்'தான். விளைவு, சேதம் வரவேண்டிய இடத்தில் 'டவிசார்ட்' என்றும், உருவம் வரவேண்டிய இடத்தில் 'இவிசார்ட்' என்றும் அச்சாயிற்று. தமிழில் 'கல்' எல்லாவற்றையும் 'பாறை' ஆக்கினால் 'கல்வி' 'பாறைவி' ஆவது போன்றது இது. சிரித்துவிட்டு நகரலாம்; வாசகர் ஊகித்துக்கொள்வார்.

ஊகிக்க முடியாதது கலைச்சொல் குழப்பம். 'லெவல்' என்ற ஒரே சொல் பாத்திரத்தின் தேர்ச்சியையும், குகையின் ஆழத்தையும், மந்திரத்தின் கடினத்தையும், பூதத்தின் வலிமையையும் குறித்தது. கைகாக்ஸே 1978-ஆம் ஆண்டு நூலில் இதை ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைக்க முதலில் எண்ணியதையும், பழகிப்போன சொல்லை மாற்ற முடியாமல் விட்டதையும் சொல்கிறார். மெய்ப்பாளருக்கு இதிலிருந்து இரண்டு வேலைகள். ஒரு சொல் இரண்டு பொருளில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பொருளுக்கு அழகுக்காக இரண்டு சொற்கள் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கட்டுரையாசிரியர்கள் கூறியது கூறாமலிருக்கச் சொல்லை மாற்றிப் போடுவார்கள். விதிநூலில் அந்த நல்ல பழக்கமே கேடு. ஓரிடத்தில் 'காயம்', அடுத்த வரியில் 'சேதம்' என்று எழுதினால், இரண்டும் வெவ்வேறு என்று வாதிட ஒருவர் கட்டாயம் வருவார்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கு 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இது நுட்பமாக நேர்ந்தது. 'கைகலப்பு ஆயுதத் தாக்குதல்' என்பது ஒரு வகை. 'கைகலப்பு ஆயுதத்தால் தாக்குவது' என்பது வேறு. வெறுங்கையால் குத்துவது முதலாவதில் சேரும், இரண்டாவதில் சேராது, கை ஆயுதமல்ல என்பதால். ஆனால் முதல் அச்சின் ஆயுத அட்டவணையில் வெறுங்கைக் குத்தும் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது. அட்டவணையை நம்புவதா, வாக்கியத்தை நம்புவதா என்ற கேள்வி எழுந்தது. பிறகு வந்த திருத்தம் அந்த வரியை நீக்கியது.

இன்னொரு வாசிப்பு குறும்பனின் வாசிப்பு. விதியின் நோக்கத்தை வேண்டுமென்றே மறந்துவிட்டு, எழுதியதை எழுதியபடியே நடத்திப் பார்ப்பது அது. 2003-ல் வந்த 3.5 பதிப்பில், மூழ்கத் தொடங்குபவர் முதல் சுற்றில் நினைவிழப்பார், அவரது உயிர்ப்புள்ளி 0 ஆகும் என்று இருந்தது. அந்த ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி கழித்தல் எண்ணாகவும் இறங்கும். -10 என்றால் சாவு. அப்படியானால் -9-ல் உயிர் ஊசலாடும் நண்பனின் தலையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் அவன் 0-வுக்கு ஏறிவிடுவான்! 'உயிர்ப்புள்ளி 0-வைவிடக் கூடுதலாக இருந்தால்' என்ற ஒரு நிபந்தனை இருந்திருந்தால் போதும். அதே பதிப்பு, இறந்தவரின் ஆன்மா உடலைவிட்டு நீங்கும் என்றது. இறந்தவர் எழுந்து நடக்க முடியாது என்று எங்கும் சொல்லவில்லை.

எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு பொருளை அடுத்தவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் செயலை வைத்து ஆட்டக்காரர்கள் ஒரு கற்பனை செய்தார்கள். ஆளுக்கு ஐந்தடி வீதம் 2,000 குடியானவர்களை வரிசையாக நிறுத்தினால், ஒரு கம்பு ஆறு நொடி கொண்ட ஒரே சுற்றில் 10,000 அடி, அதாவது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் போய்விடும். அந்த வேகத்தில் எறிந்தால் எதிரி என்ன ஆவான் என்பது அவர்கள் கேள்வி. இதற்காகக் கைமாற்றும் விதியைத் திருகினால் சாதாரண ஆட்டம் சிக்கலாகும். 2024-ஆம் ஆண்டின் நடத்துநர் நூல், விதிகள் இயற்பியல் அல்ல என்று சொல்லி இதை முடித்துவைத்தது. ஓட்டையை அடைக்கச் சேர்க்கும் சொற்கள் மற்ற ஆயிரம் வாசகர்களுக்குச் சுமையாகுமா என்று எடைபோடுவதும் மெய்ப்பாளர் வேலையில் சேர்த்திதான்.

எடுத்துக்காட்டுகளைத் தனியே சரிபார்க்க வேண்டும். வாசகர்களில் பலர் விதியைவிட எடுத்துக்காட்டையே நம்புகிறார்கள். விதி மாறியபின் பழைய கணக்கோடு எடுத்துக்காட்டு தங்கிவிடுவது வழக்கமான விபத்து. பக்கக் குறிப்பும் அப்படியே. பக்க எண் கடைசியில்தான் உறுதியாகும் என்பதால் 'பக்கம் எக்ஸ் எக்ஸ் பார்க்க' என்று எழுதி வைப்பார்கள். அதை நிரப்ப மறந்து அச்சேறிய நூல்கள் பல. இந்தத் துறையில் அது நிலைத்த கேலி. சொல்லடைவில் ஒரு சொல்லைத் தேடினால் பக்க எண் தராமல் வேறொரு சொல்லைப் பார்க்கச் சொல்வதும் ஆட்டத்தின் நடுவே எரிச்சலூட்டும். 2014 நூலின் சொல்லடைவு இதற்காகவே வசவு வாங்கியது.

எத்தனை வாசித்தாலும், எழுதியவர் அருகில் இல்லாத ஒரு குழு நூலை மட்டும் வைத்து ஆடிப் பார்க்கும் சோதனைக்கு ஈடில்லை. ஐந்தாம் பதிப்பின் வெளிப்படையான சோதனை ஆட்டத்தில் 1,75,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். அப்படியும் பிழைகள் தப்பின. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவருக்குத் தாக்குதலில் கிடைக்கும் சலுகை, அவரைக் காணும் மந்திரம் உள்ளவர் முன்னும் நீடிப்பதாகவே அதன் சொற்கள் பொருள் தந்தன. 2024-ல் புதிய சொற்களஞ்சியப் பகுதியில்தான் அது சரியானது.

அச்சுக்குப் பின் வருபவை இரண்டு வகை. விளக்கம் நூலின் சொற்களைத் தொடாமல் பொருளைச் சொல்லும். 'டிராகன்' இதழில் 1979-ல் தொடங்கிய கேள்வி-பதில் பகுதி அதைத்தான் செய்தது. பிழைதிருத்தம் சொற்களையே மாற்றும். அடுத்த அச்சில் நூலுக்குள் ஏறிவிடும். இதனால் ஒரே மேசையில் இரு அச்சுப் பிரதிகள் இரு விதிகளோடு கிடக்கும் நிலை வருகிறது. ஆகவே பிழைதிருத்தப் பட்டியலில் பக்க எண்ணோடு எந்த அச்சுக்கு உரியது என்பதும் இருக்க வேண்டும். 2014-ன் முதல் அச்சை வைத்திருப்பவர் ஆயுத அட்டவணையில் வெறுங்கைக் குத்து என்ற வரியைப் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் ஆட உட்கார வேண்டும்.