குரோமியமும் கறுத்த செல்லும்

குடியாத்தம் பக்கம் வளர்ந்த எனக்கு குரோமியம்னாலே டேனரியும் பாலாத்துக் கழிவும்தான். தோல் பதனிடுற குரோம் உப்பு டைகுரோமேட்லேர்ந்துதான் தயாராகுது. நரம்புச் செல்லை முழுசாக் காட்டினதும் அதே டைகுரோமேட்தான்!

1873-ல இத்தாலியில கமில்லோ கோல்ஜி, மூளைத் துண்டை பொட்டாசியம் டைகுரோமேட்ல ஊறவெச்சு, அப்புறம் சில்வர் நைட்ரேட்ல போட்டார். சில்வர் குரோமேட் படிஞ்சு, ஒருசில செல்கள் மட்டும் கிளையோட கறுத்துது. அது குறை இல்லைங்க. எல்லாமே கறுத்திருந்தா வெறும் மைக்கறைதான் மிஞ்சியிருக்கும்.

அதே சாயத்தை மெருகேத்தின ஸ்பெயின்காரர் ரமோன் இ கஹால், செல்லெல்லாம் தனித்தனின்னார். கோல்ஜியோ ஒரே வலைன்னார். 1906-ல நோபல் ரெண்டு பேருக்கும்; கோல்ஜி தன் நோபல் உரையிலயே கஹால் கருத்தை மறுத்தார். 1950-கள்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் கஹால் பக்கம் நின்னுது. எந்தச் செல் கறுக்கும்னு மட்டும் இன்னிக்கும் யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.